நம்பர் இல்லாத மோட்டாரும் மறைத்து வைத்த காயமும்



இந்தத் தடவை இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதற்குள் பள்ளி விடுமுறை வந்துவிட்டது. விடுமுறை விட்டால் நம் டிஸ்பென்சரிக்கு முழங்கை உரிந்து, முழங்கால் சிராய்ந்து பையன்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். "எப்படிடா தம்பி அடிபட்டுச்சு?" என்று கேட்டால் அநேகமாக எல்லாருக்கும் ஒரே பதில்தான். "படியில வழுக்கி விழுந்துட்டேன் சார்." நம் லயத்து வீடுகளில் இத்தனை படி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

காயமே உண்மையைச் சொல்லிவிடும். படியில் விழுந்தவன் முழங்காலில் ரோட்டு ஜல்லி பதிந்திருக்காது. வலது கெண்டைக்காலின் உட்பக்கம் புகைக்குழாய் சுட்ட கொப்புளமும் இருக்காது. ஆனால் நான் அதட்டுவதில்லை. ஏன் என்பது இதைப் படித்து முடித்தால் தெரியும்.

நம் தோட்டங்களில் 'காட்டு மோட்டார்' என்று ஒன்று உண்டு. பழைய ஹோண்டா கப்போ, வேறு எதுவோ. முன் விளக்கு இருக்காது, கண்ணாடி இருக்காது, நம்பர் பிளேட் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும். வெளிக்காட்டுக்குப் போகவும், அரிவாள், உரம் ஏற்றவும் வசதி என்று வைத்திருப்பார்கள். "தோட்டத்துக்குள்ள ஓட்டுறதுக்கு எதுக்குங்க நம்பர்?" என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. தனியார் பராமரிக்கிற ரோட்டைச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 'ரோடு' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அப்பா காட்டுக்கு ஓட்டுகிற அந்த மோட்டார் சாயங்காலம் மகன் கைக்கு வருகிறது. மகன் தோட்டத்து வாசலோடு நிற்பானா? வாசலைத் தாண்டினால் மெர்சிங்கில் நமக்கு முன்னால் ஓடுவது 3ஆம் நம்பர் கூட்டரசு ரோடு. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாக வந்து எண்டாவ், குவாந்தான் என்று மேலே போகிற ரோடு. லோரியும், தீவுக்குப் படகு பிடிக்க ஜெட்டிக்கு அவசரமாகப் போகிற வெளியூர்க் காரும் ஓடுகிற ரோடு அது.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. ஓட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டு எனக்கு 16 வயது. நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எண்டாவ் ரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் குடும்பம். அப்பா செம்பனைக் குலை வெட்டினார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார். அடுத்த வீட்டில் என் வயதுச் சிநேகிதன் ஒருவன். நாங்கள் இரண்டு பேரும் காசு சேர்த்து, பழைய இரும்பு வாங்குகிற தவுக்கேயிடம் ஒரு கப் மோட்டாரின் சட்டத்தை வாங்கினோம். எஞ்சின் வேறொரு வண்டியுடையது. கிரான் கிடையாது. பின் பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். அதை ஓட வைத்த அன்று நாங்கள் அடைந்த பெருமையை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று வாரம் செம்பனைக் காட்டுக்குள்ளேயே ஓட்டினோம். நாலாவது ஞாயிற்றுக்கிழமை ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போனோம். ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, ஒன்றுமே இல்லை.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போது இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே ஒரு லோரி. எங்களிடம் விளக்கு இல்லாததால் அவன் எங்களைக் கடைசி நேரத்தில்தான் பார்த்திருக்க வேண்டும். நீளமாக ஆரன் அடித்தான். நான் ஓரத்துக்கு ஒதுக்கினேன். ஓரத்தில் மணல். முன்சக்கரம் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கை உரிந்தது. பின்னால் இருந்தவன் தூக்கி எறியப்பட்டு, சிறுபாலத்தின் சிமெண்டுக் கட்டையில் இடது பொட்டில் அடிபட்டான். ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். "ஒண்ணுமில்லடா" என்றான். என் காற்சட்டை கிழிந்திருந்ததைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். நெற்றி ஓரத்தில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

மோட்டாரை ரோட்டிலிருந்து காட்டுக்குள் தள்ளி மறைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "யாராச்சும் கேட்டா படியில விழுந்தேன்னு சொல்லு." ஆக, அந்தப் படிக்கதையை இன்றைய பையன்கள் கண்டுபிடிக்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அவன் வாந்தி எடுத்தான். கடற்கரையில் தின்ற மீ கோரேங் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் அம்மா, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், ஓமத்தண்ணீர் கொடுத்தார். தலைவலி என்று படுத்தான். இரண்டு மணிக்கு அவன் குறட்டை ஒரு மாதிரியாக இருக்கவே, பெரியம்மா பயந்துபோய்த் தோட்டத்து டிரசரைக் கூட்டி வந்தார். எழுப்பினால் முனகினான், மறுபடி கண்ணை மூடினான். டிரசர் என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இவன் எங்கேயாவது விழுந்தானா?" நான் இல்லை என்றேன். போலிஸ் வரும், மோட்டார் போகும், அப்பாவின் பெல்ட் வரும் என்ற பயம். நாலு மணி வாக்கில் அவன் வலது கை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தபோதுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். டிரசர் டார்ச் லைட்டை அடித்து இமையைத் தூக்கிப் பார்த்தார். இடது கண்மணி வலதைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது. தோட்டத்து வண்டியில் மெர்சிங், அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஜொகூர் பாரு. பகலில் மண்டையைத் திறந்து கட்டியாய் உறைந்த இரத்தத்தை எடுத்தார்கள்.

பிழைத்தான். ஆனால் வலது கை பழையபடி வரவில்லை. பேச்சும் தேடித் தேடித்தான் வரும். அவனுக்கு இன்று என் வயதுதான்.

தோழர்களே, அன்று அவன் தலைக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். இதுதான் இன்றையப் பாடம்.

பொட்டு இருக்கிற இடத்தில் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உட்பக்கத்தை ஒட்டி ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அந்தக் குழாய் கிழியும். கிழிந்த குழாய் எலும்புக்கும் மூளையை மூடியிருக்கும் உறைக்கும் நடுவே இரத்தத்தைக் கொட்டும். மண்டை ஓடு இரும்புப் பெட்டி மாதிரி. வயிற்றைப் போல விரிந்து கொடுக்காது. இரத்தம் சேரச் சேர, நசுங்குவது மூளை. முதலில் ஒரு சின்ன மயக்கம், பிறகு தெளிவு, பிறகு சில மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், கடைசியில் நினைவு போவது. நடுவிலே வருகிற அந்தத் தெளிவுதான் ஆளை ஏமாற்றுவது. "அதான் எழுந்து நடந்தானே, பேசினானே" என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாருக்கும் இப்படித் தெளிவு வரும் என்றும் இல்லை. சிலருக்கு நேராக மயக்கம்தான்.

மூளையின் இடது பக்கம்தான் உடலின் வலது பக்கத்தை ஆளுகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் இடது பக்கத்தில்தான். அவனுக்கு அடி இடது பொட்டில். போனது வலது கையும் பேச்சும். இந்த வகை இரத்தக் கசிவை நேரத்தோடு கண்டுபிடித்து எடுத்துவிட்டால் பலர் முழுசாகத் தேறி விடுகிறார்கள். டாக்டர்களுக்கு இது ஒன்றும் புதிய வித்தையல்ல. அவர்களுக்கு வேண்டியது நேரம். அந்த நேரத்தைத்தான் நான் அன்று தின்றுவிட்டேன். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் சினிமாக் கதை மாதிரி இருக்கும். வேறு வேலை கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான்.

ஆகையால் தாய்மார்களே, தலையில் அடிபட்ட பிள்ளையை ஒரு நாள் முழுக்கக் கண்ணிலே வைத்திருங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனால், ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், எழுப்ப எழுப்ப எழாமல் தூங்கினால், வலிப்பு கண்டால், ஒரு கை கால் சோர்ந்தால், ஒரு கண்மணி பெரிசாகத் தெரிந்தால், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தண்ணீர் மாதிரியோ ஒழுகினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விழுந்த உடனே கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால், இதில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் டாக்டர் பார்க்கத்தான் வேண்டும். கண்மணி பெரிசாகிற வரை காத்திருப்பது வீடு எரிந்த பிறகு வாளி தேடுகிற கதை. ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். குடித்திருந்த ஆளாக இருந்தால் "போதையில தூங்குறான்" என்று விட்டுவிடுவது இன்னும் ஆபத்து.

மெர்சிங்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் மண்டையைத் திறந்து ஆப்பரேஷன் செய்ய ஜொகூர் பாருவுக்குத்தான் போக வேண்டும். ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பெருநகரத்துப் பிள்ளையைவிட நம் பிள்ளை இரண்டு மணி நேரம் பின்னால் இருந்துதான் ஓட்டத்தைத் தொடங்குகிறான். படிக்கதைக்கு அதற்குமேல் இடம் கிடையாது.

ஹெல்மெட்டைப் பற்றிப் போலிஸ்காரர் மாதிரி பேச எனக்கு விருப்பமில்லை. ஒரு பழைய செய்தியைச் சொல்கிறேன். 1935 மே மாதம் இங்கிலாந்தில் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பேர் பெற்ற டி. இ. லாரன்ஸ், சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க மோட்டாரை ஒதுக்கி, விழுந்து மண்டை உடைந்து, ஆறு நாளில் இறந்துபோனார். அவரைக் கவனித்த டாக்டர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் ஒருவர். அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. மோட்டார் விபத்துகளைக் கணக்கெடுத்து ஆராய்ந்து 1941இல் எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவத்தில் தபால் கொண்டு போகும் மோட்டார் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973இல். நம் நாட்டிலும் ஹெல்மெட் விதி வந்தது அதே 1973இல்தான். மலேசியத் தர எண்களில் முதலாவதான எம்.எஸ். 1 எதைப் பற்றியது தெரியுமா? ஹெல்மெட்டைப் பற்றியதுதான். பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் போட்டவர்களுக்குச் சாவு ஏறக்குறைய 40 விழுக்காடும், தலைக்காயம் ஏறக்குறைய 70 விழுக்காடும் குறைகிறது. வாரைப் போடாமல் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டால் விழும்போது தலைக்கு முன்னால் அது பறந்துவிடும்; அது போட்ட கணக்கில் சேராது.

காட்டு மோட்டாருக்கு விளக்கு இல்லை என்றேன். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுகிறவர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் காலை வைக்கவே ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 37 மீட்டர் போய்விடும். இருட்டில் விளக்கில்லாத மோட்டார் அவர் கண்ணில் படுவதே அந்தத் தூரத்தில்தான் என்றால், அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயன் இல்லை. 1992இல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன் விளக்கைப் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது பலர் கேலி செய்தார்கள். சிரம்பான், ஷா ஆலம் வட்டாரங்களில் ராடின் உமார் முதலிய ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தபோது, கண்ணில் படாததால் வருகிற மோட்டார் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தன. பகலுக்கே அப்படி.

நம் ஜொகூரிலேயே இதற்கு ஒரு கொடிய சாட்சி உண்டு. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாமில் கார் மோதி எட்டுப் பையன்கள் இறந்தார்கள். 13லிருந்து 16 வயதுதான். அவர்கள் ஓட்டியது மோட்டார்கூட அல்ல. 'பாசிக்கால் லாஜாக்' என்கிற, கைப்பிடியைத் தாழ்த்தி மாற்றிக் கட்டிய சைக்கிள்கள். காரோட்டிய பெண்ணுக்கு 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 6 ஆண்டு சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. யார் பக்கம் நியாயம் என்று ஆறு வருஷம் நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. அந்த எட்டு வீடுகளில் அந்தப் பேச்சு எதை மாற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றக் காயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளே இடப்பக்கம் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். முகம் வெளுத்து, குளிர்ந்து வேர்த்து, இடது தோள்பட்டை வலிக்கிறது என்று சொன்னால் உடனே கிளப்புங்கள். சோடா, மைலோ ஒன்றும் வாயில் ஊற்றாதீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவனை இரகசியமாகச் சின்சேயிடம் கொண்டுபோய் இறுக்கக் கட்டிவருகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கட்டுக்குக் கீழே விரல் மரத்து, வலி தாங்க முடியாமல் போனால் உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது சில மணி நேர விவகாரம். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குத்தான். புகைக்குழாய்ச் சூட்டுக்கு இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். பற்பசையும் காப்பித்தூளும் வேண்டவே வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கப் பிறகு நான்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

ரோட்டில் விழுந்து கிடப்பவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே அவன் கை கால்களை முடக்கிவிடும். மூச்சு வருகிறதா பாருங்கள், கொட்டுகிற இரத்தத்தைத் துணி வைத்து அழுத்துங்கள், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 999க்குச் சொல்லுங்கள். மூச்சு தடைப்பட்டால் ஒழிய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

தகப்பன்மார்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 16 வயது ஆகாதவர் ரோட்டில் எந்த மோட்டார் வாகனமும் ஓட்டக் கூடாது. 16 ஆனால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். பி2 என்றால் 250 சிசி வரை. லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்து ஓட்ட விடுவதும் குற்றம். மகனுக்கு மட்டும் சம்மன் என்று நினைக்க வேண்டாம். பதிவு இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. உங்கள் பிள்ளை ரோட்டோரம் நடந்துபோகிற பாட்டியை இடித்துவிட்டால், அந்தப் பாட்டி நஷ்ட ஈடு கேட்டு எந்தக் கம்பெனியிடமும் போக முடியாது. வேலைக்குப் போகிற, வருகிற வழியில் நமக்கு விபத்து நேர்ந்தால் சொக்சோ இருக்கிறது. கடற்கரைக்குப் போன பள்ளிப் பையனுக்குச் சொக்சோ கிடையாது. இத்தனைக்கும் 150 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்கு ரோட் டேக்ஸ் பல வருஷமாக ஆண்டுக்கு 2 வெள்ளிதான் இருந்தது. பணம் முட்டுவது லைசென்ஸ் வகுப்பில்தான். அது ஏழைக் குடும்பத்துக்குக் கனமான செலவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அண்மை ஆண்டுகளில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பி2 எடுத்துத் தரும் 'மைலெசன்' திட்டத்தை அரசாங்கம் நடத்தியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று ஜே.பி.ஜே.யில் விசாரியுங்கள். காட்டு மோட்டாரின் சாவி வீட்டு ஆணியில் தொங்க வேண்டாம், அப்பாவின் இடுப்பில் இருக்கட்டும்.

இனி தம்பிமார்களுக்கு. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் முதலில் கேட்பது எத்தனை மணிக்கு விழுந்தாய், எந்தப் பக்கம் அடி, நினைவு தப்பியதா, எத்தனை தடவை வாந்தி, கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்பதைத்தான். லைசென்ஸ் காட்டினால்தான் ஸ்கேன் என்று யாரும் சொல்வதில்லை. விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலிஸில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதை அப்பாவோடு போய்ச் செய்துகொள்ளலாம்; முதலில் தலை. கூட்டாளி விழுந்தால், அவன் "ஒண்ணுமில்லடா" என்று சொன்னாலும், அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். அடிபட்டவனுக்கு நடந்தது ஞாபகம் இருக்காது. பார்த்தவன் நீங்கள்தான்.

டிஸ்பென்சரி பூட்டியிருந்தால் பின்பக்கம் என் குடியிருப்பு. எந்த நேரமும் தட்டலாம். மோட்டார் எங்கே, யாருடையது என்று நான் கேட்கமாட்டேன். என் சிநேகிதன் சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருவான். முன்வாங்கில் உட்கார்ந்து இடது கையால் காப்பி குடிப்பான். அன்று நான் டிரசரிடம் இல்லை என்று சொன்னது அவனுக்குத் தெரியும். பெரியம்மாவிடம் மட்டும் அவன் இன்றுவரை சொல்லவில்லை.

இரத்த அழுத்தத்தை அடுத்த தடவை பார்ப்போம்.